அசைன்மென்ட்டை மாற்றுங்கள், அப்ரைசலில் ஏறுங்கள்

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, செம்பட்டி, பட்டிவீரன்பட்டி பக்கம் ஏதோ ஒரு பிரைவேட் ஸ்கூலில் தமிழோ இங்கிலீஷோ சோசியலோ எடுக்கிறீர்களா? இல்லை, பி.எட். முடித்துவிட்டு ரெஸ்யூமேயோடு ஸ்கூல் ஸ்கூலாக ஏறி இறங்குகிறீர்களா? இரண்டு பேருக்கும் இப்போது ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. உங்கள் ஸ்டாஃப் ரூம் சீனியர்கள் பலர் அதை இன்னும் கவனிக்கவில்லை. அவர்கள் கவனிப்பதற்குள் நீங்கள் உள்ளே போய்விட வேண்டும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல் வந்தது. அப்போது அது பெங்களூரு ஐடி பையன்களின் விளையாட்டு. 2025-ல் கதை மாறிவிட்டது. ஜூலையில் ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ இலவசமாக வந்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, ஜெமினி ப்ரோவை இலவசமாக அறிவித்தது. நவம்பரில் சாட்ஜிபிடி கோவை ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இது எதுவும் இல்லையென்றாலும் வாட்ஸ்அப்பில் மெட்டா ஏஐ உட்கார்ந்திருக்கிறது. கொடிக்கால் வேலைக்குப் போகும் அப்பாவின் போனில்கூட ஒரு கட்டுரை எழுதும் மெஷின் இருக்கிறது. நீங்களோ இன்னும் 'மழைநீர் சேகரிப்பு, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்' என்று போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கோனார் நோட்ஸைப் பார்த்து எழுதினோம், டியூஷன் மிஸ் சொல்லச் சொல்ல எழுதினோம், அக்காவின் பழைய நோட்டிலிருந்து இறக்கினோம். வீட்டுக்கட்டுரை எந்தக் காலத்திலும் முழுக்கப் பிள்ளையின் கையெழுத்தில் பிள்ளையின் சொந்தச் சரக்காக இருந்ததில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் மார்க் போட்டோம். இப்போது கண்டுகொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். யார் முதலில் கண்டுகொண்டு மாற்றுகிறாரோ அவர் பெயர்தான் கரஸ்பாண்டென்ட் காதில் விழும்.

1. முதலில் உங்கள் அசைன்மென்ட்டை நீங்களே சோதியுங்கள். வகுப்பில் கொடுப்பதற்கு முந்தின நாள் அதே கேள்வியை உங்கள் போனில் ஏஐ-யிடம் போடுங்கள். வரும் பதிலைத் திருத்துங்கள். பத்துக்கு எட்டு போட மனசு வருகிறதா? அந்தக் கேள்வி செத்துப்போனது. 'என் அபிமானத் தலைவர்', 'கணினியின் பயன்கள்', 'நூலகத்தின் தேவை' எல்லாம் இந்தக் கணக்கில் போய்விடும். ஐந்து நிமிஷ வேலைதான். இந்த டெர்முக்கு வைத்திருக்கும் எழுத்து வேலைகள் எல்லாவற்றையும் இப்படி ஒரு மாலையில் தட்டிப்பார்த்து, எது நிற்கும், எது விழும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேதி போடுங்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

2. டிடெக்டரை நம்பி யாரையும் பிடிக்காதீர்கள். ஆர்வக்கோளாறில் பல டீச்சர்கள் விழும் குழி இது. 'இந்த வெப்சைட்டில் போட்டால் ஏஐ எழுதியதா என்று காட்டிவிடும்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு நகருங்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவி விட்டது. ஏஐ எழுதியதில் நூற்றுக்கு 26-ஐத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் நூற்றுக்கு 9-ஐ ஏஐ என்று தப்பாகக் காட்டியது. அதே வருஷம் ஜூலையில் கருவியைத் தூக்கிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு டிடெக்டர்களை வைத்து, இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைச் சோதித்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரை 'ஏஐ எழுதியது' என்று முத்திரை வாங்கியது. எல்லாம் மனிதர் எழுதியவை. எளிய சொல், நேரான வாக்கியம் என்று எழுதுகிறவர்தான் மாட்டுகிறார். உங்கள் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எழுதுவதும் அப்படித்தானே?

உங்கள் கேரியர் கோணத்தில் பாருங்கள். ஒரு பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்து 'ஏஐ-யில் எழுதினாய்' என்கிறீர்கள். மறுநாள் அப்பா வருகிறார், கூடவே வார்டு கவுன்சிலர். கரஸ்பாண்டென்ட் 'ப்ரூஃப் இருக்கா மிஸ்?' என்கிறார். ஸ்கிரீன்ஷாட் ப்ரூஃப் ஆகாது. சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டு, 'இந்த மூணாவது பத்தியை எப்படி எழுதினே, சொல்லு கண்ணு' என்று கேளுங்கள். எழுதிய பிள்ளை சொல்லிவிடும். எழுதாத பிள்ளை நோட்டையே பார்க்கும். குற்றம் சாட்டாமல் காரியம் முடிந்துவிடும்.

3. வீட்டில் சேகரிப்பு, வகுப்பில் எழுத்து. மொத்த மாற்றத்துக்கும் அச்சு இதுதான். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே ஸ்டாஃப் ரூமில் நீங்கள் ஒரு படி மேலே. வீட்டுக்குக் கொடுப்பது ஆளைப் பார், கேள், எண்ணு, குறித்து வா என்ற வேலை. எழுதுவது உங்கள் கண் முன்னால், பேனாவில், 40 நிமிஷப் பீரியடில்.

வத்தலக்குண்டு இதற்குத் தோதான ஊர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள்: கொடியை எதில் ஏற்றுகிறீர்கள், தண்ணீர் எப்படி, கவுளிக்கு எத்தனை இலை, போன வாரம் என்ன விலை, எந்த மாசம் நஷ்டம். நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பூ மார்க்கெட்: முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லிகை என்ன விலை, அது முடிந்த மறுநாள் என்ன விலை. அய்யம்பாளையம் பிள்ளைக்குத் தென்னை. கொடைக்கானல் ரோட்டில் வீடு இருக்கும் பிள்ளைக்கு இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் வண்டிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. மலை ஏறும் முன்னால் டீ குடிக்க நிறுத்தும் வண்டிகளை நம்பிக் கடை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன ஆனது? ஒரு டீக்கடைக்காரர், ஒரு டாக்சி டிரைவர், ஒரு பழக்கடைக்காரர் என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். அதை வைத்து 'இ-பாஸ் வேண்டுமா?' என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் பக்கத்தை எந்த ஏஐ-யாலும் அந்தப் பிள்ளைக்காக எழுதித் தர முடியாது. மூன்று பேர் சொன்னது அதனிடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஊர்த் தலைப்பு கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். 'வத்தலக்குண்டின் சிறப்புகள்' என்று கொடுத்தால் ஏஐ அதையும் சரளமாக எழுதித் தள்ளும், பாதி சரி, பாதி கற்பனை. பிள்ளை கையால் சேகரித்த குறிப்பு நோட்டில் இருக்க வேண்டும். குறிப்பு இல்லாமல் எழுத உட்காரக் கூடாது. இதில் தளராதீர்கள்.

பீரியடை இப்படி வெட்டுங்கள்: முதல் 8 நிமிஷம் குறிப்பைப் பார்த்து எதை முதலில் சொல்வது என்று முடிவு. 20 நிமிஷம் எழுத்து. 7 நிமிஷம் பக்கத்துப் பிள்ளையோடு நோட்டு மாற்றிப் படித்து ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பது. கடைசி 5 நிமிஷம் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வரி சேர்ப்பது. முதல் தடவை சொதப்பும், சத்தம் அதிகமாக இருக்கும். பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் முதல் தடவையைச் செய்யாதீர்கள்.

4. ஏஐ எழுதட்டும், பிள்ளை திருத்தட்டும். இதற்கும் ஊரே உதவுகிறது. ராஜம் ஐயர் 1872-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார், 26 வயதில் போய்விட்டார். சுப்பிரமணிய சிவா 1884-ல் இங்கேதான் பிறந்தார். 'மணிக்கொடி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பி.எஸ். ராமையா இந்த ஊர்க்காரர். 'மணிக்கொடி காலம்' நூலுக்கு 1982-ல் சாகித்ய அகாதமி வாங்கினார். சி.சு. செல்லப்பா பிறந்தது சின்னமனூர், வளர்ந்தது வத்தலக்குண்டு. 1959-ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர். இறந்த பிறகு 2001-ல் 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்ய அகாதமி வந்தது. ஒரு சின்ன டவுனில் இத்தனை எழுத்தாளர்கள், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏஐ-யிடம் 'வத்தலக்குண்டு எழுத்தாளர்கள் பற்றி ஒரு பக்கம்' கேளுங்கள். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் தலையில் கட்டவும், வருஷத்தை மாற்றவும், இல்லாத நூலை உருவாக்கவும் அதற்கு வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்து ஒன்பதாம் வகுப்பில் கொடுங்கள். குழுவுக்கு நான்கு பேர். வேலை: எது தப்பு, எப்படித் தெரியும், எந்தப் புத்தகத்தில் பார்த்தாய், எந்த வரி வெறும் பேச்சு. கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். 'எழுத்து' பத்திரிகையில் விமர்சனத்துக்கே தனி மரியாதை கொடுத்தவர் செல்லப்பா. அவர் ஊர்ப் பிள்ளைகள் மெஷினை விமர்சனம் செய்வது அழகாகவும் இருக்கும், ஆண்டு விழா மேடையில் எடுபடவும் செய்யும். எடுபடுவது முக்கியம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

5. மார்க்கை நகர்த்துங்கள். அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 'போர்டு மாற்றினால்தான் நாம் மாற்ற முடியும்' என்பது சோம்பேறிப் பதில். ஸ்டேட் போர்டில் ஆறு முதல் எட்டு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க் இருக்கிறது. அந்தச் செயல்பாடுகளை வடிவமைப்பது நீங்கள்தான். சிபிஎஸ்இ ஒன்பது, பத்தில் இன்டர்னல் 20. அதில் போர்ட்ஃபோலியோவுக்கு 5, பாட மேம்பாட்டுக்கு 5 என்று தனித்தனியாக இடம் இருக்கிறது. ஸ்டேட் போர்டு மேல்நிலையில் அகமதிப்பீடு 10. பொதுத்தேர்வுத் தாளைத் தொடாமலேயே விளையாட இவ்வளவு இடம்.

பத்து மார்க் எழுத்து வேலைக்கு என் பங்கீடு: சேகரித்த குறிப்புக்கு 3, முதல் வரைவுக்கு 2, வரைவிலிருந்து என்ன மாற்றினாய், ஏன் என்பதற்கு 2, நேரில் கேட்கும் கேள்விக்கு 3. பளபளப்பான கடைசிப் பிரதிக்குத் தனி மார்க் கிடையாது. இதைச் சொன்ன அன்றைக்கே ஏஐ-யில் எழுதிவருவது நஷ்டக் கணக்கு என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். மார்க் கணக்கில் நம்மைவிட அவர்கள் கெட்டி.

'நாற்பத்தைந்து பேரை எப்படி நேரில் கேட்பது?' நியாயமான கேள்வி. ஆளுக்கு 2 நிமிஷம் என்றாலே 90 நிமிஷம், இரண்டு பீரியடுக்கு மேல். எல்லாரையும் ஒரே வாரத்தில் கேட்காதீர்கள். வாரத்துக்கு 9 பேர், ஐந்து வாரம். யார் எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். மற்றவர்கள் எழுதும் நேரத்தில் டேபிளுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். திருத்தும் சுமையும் குறையும். குறிப்பும் வரைவும் வகுப்பிலேயே பார்த்துவிட்டதால் வீட்டுக்கு நோட்டுக் கட்டு சுமக்க வேண்டியதில்லை.

6. தடை போடாதீர்கள், கோடு போடுங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடுத்தன, மே மாசமே தடையை எடுத்தன. இன்டர்நேஷனல் பாக்கலாரியட் அமைப்பு 2023-லேயே 'தடை இல்லை, ஆனால் ஏஐ-யிலிருந்து எடுத்ததை மேற்கோளாகக் காட்டு' என்றது. பெரிய இடங்கள் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய சுவரில் நாம் முட்ட வேண்டாம். ஒவ்வொரு அசைன்மென்ட் தலையிலும் ஒரு வரி போடுங்கள்: 'ஏஐ கூடாது', 'யோசனைக்கு மட்டும்', 'பயன்படுத்தலாம், எங்கே என்று எழுது'. மூன்று போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, வயசு. பள்ளியில் இந்தக் கருவிகளைத் தனியே பயன்படுத்தக் குறைந்தது 13 வயசு வேண்டும் என்பது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டுதல். ஆறாம் வகுப்பென்றால் ஸ்மார்ட் போர்டில் நீங்கள் காட்டுங்கள், அவர்கள் கேள்வி கேட்கட்டும். வீட்டில் தனி போன் இல்லாத பிள்ளைகளுக்கும் இதுதான் நியாயம். இரண்டு, விவரங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். ரேங்க் கார்டு கமென்ட் எழுதுவதற்காகப் பிள்ளையின் பெயர், மார்க், குடும்பக் கஷ்டம் எல்லாவற்றையும் ஏஐ-யில் கொட்டாதீர்கள். 'மாணவர் க' என்று போட்டாலே வேலை நடக்கும்.

7. நீங்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நோட்ஸ் ஆஃப் லெசன், ஒர்க்‌ஷீட், ரூப்ரிக், சர்க்குலர் எல்லாவற்றுக்கும் ஏஐ. ஆனால் தமிழில் அது தரும் வாக்கியத்தை வரிக்கு வரி பாருங்கள். ஒற்று தப்பும், இல்லாத குறள் எண்ணைக் கொடுக்கும். தமிழ் டீச்சர் பெயரில் பிழையோடு வினாத்தாள் போனால் அந்தக் கறை மூன்று வருஷத்துக்குப் போகாது.

8. செய்ததைக் காட்டுங்கள். செல்லப்பா தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கு என்ன கெளரவம்? ஒரு ஃபைல் போடுங்கள். உள்ளே நான்கு சமாச்சாரம்: முதல் டிப்பில் போட்ட சோதனைத் தாள், பழைய அசைன்மென்ட்டும் புது அசைன்மென்ட்டும் அருகருகே, ஒரே பிள்ளையின் ஜூன் மாச எழுத்தும் டிசம்பர் மாச எழுத்தும் (பெயரை மறைத்து), மார்க் பங்கீடு. எல்லாத் தாளிலும் உங்கள் பெயரும் தேதியும். ஐடியாவை அடுத்த டேபிள்காரர் தன் பெயரில் பிரின்சிபாலிடம் கொண்டுபோவது நம் ஸ்டாஃப் ரூம்களில் புதிதல்ல.

சிபிஎஸ்இ ஸ்கூல் என்றால் டீச்சருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஸ்கூலுக்குள்ளேயே நடத்தும் பயிற்சியும் அதில் சேரும். யாராவது ஒருவர் செஷன் எடுத்துத்தான் ஆக வேண்டும். 'ஏஐ காலத்தில் எழுத்து அசைன்மென்ட்' என்று நீங்களே கை தூக்குங்கள். ஒரு மணி நேரம் பேசியவர்தான் அடுத்த வருஷம் கோ-ஆர்டினேட்டர். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் லெக்சர் வேண்டாம். பிள்ளையின் குறிப்பு நோட்டைத் திறந்து, 'உங்க பொண்ணு பூ மார்க்கெட்ல இவ்வளவும் கேட்டு எழுதியிருக்கா' என்று காட்டுங்கள். அந்த அம்மா தெருவில் நான்கு பேரிடம் சொல்வார். அட்மிஷன் சீசனில் அது மேனேஜ்மென்ட்டுக்குப் பணம்.

வேலை தேடுகிறவர்களுக்கு: இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தே தீரும். 'பிள்ளைங்க எல்லாம் ஏஐ-ல எழுதிட்டு வர்றாங்களே மேடம், என்ன செய்வீங்க?' 'ரொம்ப ஸ்ட்ரிக்டா இருப்பேன் சார்' என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'தகவல் சேகரிக்கிறது வீட்ல சார், எழுதறது கிளாஸ்ல. டீச்சிங் பிராக்டீஸ்ல எட்டாம் வகுப்புக்கு ஒரு தடவை செஞ்சேன், இதோ.' சொல்லிக்கொண்டே ஃபைலை மேஜையில் வையுங்கள். அனுபவம் இல்லையா? தெருவில் டியூஷனுக்கு வரும் நான்கு பிள்ளைகளை வைத்து இந்த மாசமே ஒன்று செய்துவிடுங்கள். டெமோ கிளாஸுக்கும் இதே பாணிதான். முப்பது நிமிஷம் நீங்களே பேசித் தீர்க்காதீர்கள். பத்து நிமிஷம் பிள்ளைகளை எழுத வைத்து, இரண்டு பேரை வாசிக்க வைத்து, ஒருவரிடம் 'ஏன் இப்படித் தொடங்கினே?' என்று கேளுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்.

9. கேட்கும் நேரம். இன்க்ரிமென்ட் பேச்சை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள். பிப்ரவரியில், அடுத்த வருஷ சப்ஜெக்ட் அலாட்மென்ட் முடிவாகும் முன்பு, ஃபைலோடு போங்கள். பணம் இல்லை என்றால் பதவி கேளுங்கள். பதவியும் இல்லை என்றால் பீரியடைக் குறைக்கச் சொல்லுங்கள். மூன்றும் இல்லை என்றால் திண்டுக்கல் ஸ்கூல்களின் ஆள் தேவை விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பியுங்கள். புது இடத்தில் ஆர்டர் எழுத்தில் கைக்கு வரும்வரை ஸ்டாஃப் ரூமில் மூச்சு விடாதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பழைய ஸ்கூலில் வாங்கி வைத்திருந்தால், ஏதாவது காரணம் சொல்லி முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்கப்புறம்.